பின்மரத்தின் உயரம்

நான் கத்தரிக்கோலைத் துணியருகே கொண்டுபோன பிறகுதான் மனைவி கேட்டாள்.

"அடிப்பக்கம் சரி. பாய்மரம் இந்தப் படத்தில உள்ள உயரந்தானா எண்டு ஆராவது அளந்து பாத்தீங்களா?"

கல்முனையில் நாங்கள் தறப்பாள் தைப்பவர்கள். லொறிக்கு மூடுகிற தறப்பாள், கலியாணப் பந்தல், அவ்வளவுதான். ஒலுவில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு வெளிநாட்டு வயோதிபத் தம்பதியின் பாய்க்கப்பலில் பின்பாய் கிழிந்துவிட, மீன்பிடிப் படகு வைத்திருக்கும் மனைவியின் தம்பி அவர்களை எங்களிடம் கூட்டிவந்திருந்தார்.

அந்த வகைக் கப்பலைக் கெட்ச் என்பார்கள். இரண்டு பாய்மரங்கள். முன்னது உயரம், சுக்கானுக்குச் சற்று முன்னால் நிற்கும் பின்னது குட்டை. கடுங்காற்றில் நடுவிலுள்ள பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயும் பின்பாயும் கொண்டே இருவர் சமாளிக்கலாம் என்று அந்தக் கிழவர் விளக்கினார். வாடைக்காற்று தொடங்குமுன் அவர்கள் புறப்பட வேண்டும். கப்பலில் இருந்த பாய்த்துணியும் ஒரேயொரு சுருள்.

பழைய பாயின் மேல்பாதி காற்றோடு போயிருந்தது. மிஞ்சிய துண்டின் அடிப்பக்கம் ஒன்பது அடி. கிழவர் தந்த கப்பலின் வரைபடத்திலும் ஒன்பது. அந்த நம்பிக்கையில், மரத்தை ஒட்டி வரும் பக்கத்துக்கும் படத்திலிருந்த இருபது அடியையே எடுத்து, நெல் ஆலையின் சீமெந்துக் களத்தில் சோக்கால் கோடு போட்டிருந்தேன்.

வெட்டாமல் எழுந்து மச்சானின் படகில் கப்பலுக்குப் போனேன். பாயை ஏற்றும் கயிறும் அறுந்து போயிருந்ததால், ஒருவர் மேலே ஏறித்தான் அளக்க வேண்டும். கிழவரின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டாரில் வேலை செய்த காலத்தில் உயரமான கூடாரங்களில் ஏறிப் பழகியவன் நான்தான்.

"கடல் ஒழுங்கில்ல. ஏற வேணாம் மச்சான்" என்றார் மனைவியின் தம்பி.

"அளக்காம வெட்டேலாது."

மரத்தில் இரும்புப் படிகள் இருந்தன. பாதியில் ஒரு அலை கப்பலைச் சரித்தது. கால் வழுகி, கீழே தண்ணீர் மட்டும் தெரிந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக் கலிமாச் சொன்னேன். கப்பல் நிமிர்ந்ததும் மிச்சப் படிகளையும் ஏறி, அளவு நாடாவின் நுனியை உச்சிக் கப்பியில் பிடித்தேன். கீழே கிழவி வாசித்தார்: பதினெட்டரை.

கிழவர் நாடாவை வாங்கித் தானும் பார்த்தார். தான் வாங்குமுன் யாரோ மரத்தை மாற்றியிருக்க வேண்டும் என்றார்.

கோடுகளை அழித்துப் புதிதாகப் போட்டோம். மூன்று நாள் தைத்தோம். புதுக் கயிறு கோத்துப் பாயை ஏற்றும்போது மனைவியும் வந்தாள். உச்சிக்குச் சற்றுக் கீழே அது சிக்கியது. கிழவி கயிற்றைத் தளர்த்தி மறுபடி இழுத்தார். பாய் ஏறியது, சுருக்கங்கள் மறைந்தன, கப்பல் மெல்லத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனைவி பாயின் பின்னோரம் இலேசாகப் படபடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓரத்த இன்னும் கொஞ்சம் இறுக்கித் தச்சிருக்கணும்" என்றாள்.