ஆரின் பார்த்த சிவப்பு

வெர்மான்ட்டில் எங்கள் பக்கம் பிடிவாதத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதிலும் வெர்னா பெக் ஒரு படி மேல். புருஷன் ஆரினோடு காலமெல்லாம் ஒரே ஒரு படத்துக்காக மல்லுக்கு நின்றவள்.

கூடத்துச் சுவரில் தொங்கிய நீர்வண்ணப் படம் அது. ஆரினின் தாத்தா காலத்தில், ஊர் சுற்றி வந்த ஓவியர் ஒருவர் அந்த வீட்டில் தங்கி, பின்னாலிருக்கும் மலையை இலையுதிர்காலத்தில் வரைந்து கொடுத்தார். மலை நிறைய, அந்தப் பருவத்தில் சிவந்துபோகும் மேப்பிள் மரங்கள். படத்திலோ எல்லாமே காப்பிக் கறை மாதிரி பழுப்பு. ஆரின் மட்டும், "நான் சின்னப் பையனா பார்த்தப்போ படத்துல மலை செக்கச்செவேல்னு இருந்துச்சு" என்பான். கொரியப் போரில் அவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று வெர்னா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் அவன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான்.

போன வசந்தத்தில் ஆரின் இறந்தான். வெர்னா பண்ணையை விட்டுவிட்டு ஊருக்குள் சின்ன வீட்டுக்குப் போக முடிவுசெய்தாள். ஏலம் போடுவது என் தொழில். சாமான்களை என்னிடம் ஒப்படைத்தாள்.

"அந்தப் பழுப்புச் சனியன மொதல்ல தொலைச்சுக்கட்டு" என்றாள்.

பாஸ்டன் வியாபாரி ஒருவர் முன்கூட்டியே பார்க்க வந்தார். ஓவியரின் கையெழுத்து ஓரத்தில் மறைந்திருக்கும், சட்டத்தைக் கழற்றுங்கள் என்றார். கழற்றி, படத்தைச் சுற்றியிருந்த அட்டையைத் தூக்கினேன். அட்டை மூடியிருந்த ஓரம் மட்டும், விரலகலத்துக்கு, நல்ல சிவப்பு. அக்டோபரில் எங்கள் மலை எப்படியோ அப்படி.

வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். மற்றதை வெயில் தின்றுவிட்டது, எந்த முட்டாள் இதை ஜன்னலுக்கு எதிரே மாட்டியது என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாதி வருஷம் பனிக்குள் கிடக்கிற ஜனங்கள் நாங்கள்; வீட்டில் நல்ல பொருள் ஒன்று இருந்தால் வெயில் விழுகிற சுவரில்தான் வைப்போம். மாடிப்படி இருட்டில் கிடந்த படத்தை, ஆரின் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் அவன் அம்மாதான் அங்கே மாற்றினாள். வெர்னா வாழ வருவதற்குள் சிவப்பு போய்விட்டது.

வெர்னா கிட்டே வந்து அந்த ஓரத்தையே பார்த்தாள்.

"நெசத்ததான் சொல்லிருக்கான். நான் பைத்தியம்னுட்டேன்" என்றாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு வியாபாரி பக்கம் திரும்பி, "இது விக்கிறதுக்கில்ல" என்றாள்.

புது வீட்டில் ஆணியடிக்க என்னைத்தான் கூப்பிட்டாள். ஜன்னலே இல்லாத நடையைக் காட்டினாள்.

"அட்டைய மட்டும் வைக்காத. ஓரம் தெரியட்டும்."