எஸ்தர் அக்கா எழுதிய கிறிஸ்துமஸ் நாடகம்

டிசம்பர் மாதம் என்றால் எனக்கு மைதாப் பசை கொதிக்கும் வாசனைதான். ஆரணியில் எங்கள் கோயிலின் பின்பக்க அறையில் அந்தப் பசையால் காகித நட்சத்திரங்களை ஒட்டிக்கொண்டே, என் மூத்த அக்கா எஸ்தர் எழுதிய கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தோம். அக்கா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேதத்தில் வருகிற ஊரெல்லாம் அவளுக்கு ஆரணியாகவே தெரியும். அதனால் அவளுடைய மரியாளும் யோசேப்பும் போளூர் பஸ்ஸில் வந்து இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் தெருவொன்றில் வீடு வீடாக இடம் கேட்பார்கள், ஒவ்வொரு வீட்டிலும் "நீங்க இன்னா ஆளுங்க?" என்று சாதியை விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள், கடைசியில் காலனியில் ஒரு குடும்பம் தன் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கி இடம் தரும்.

நாடகத்தன்று மேடையில், வயிற்றில் தலையணை கட்டிய மரியாள் நான். மூன்றாவது கதவு சாத்தப்பட்டபோது, முன்வரிசையிலிருந்த சபை மூப்பர் எழுந்தார். "நிறுத்துங்க. யாரைச் சொல்லிகினு இருக்கீங்க?" என்றார். பெத்லகேமில் நடந்ததாகச் சொன்னால் ஆண்டுதோறும் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள், ஆரணியில் நடப்பதாகக் காட்டியதும் அவரோடு சேர்ந்து எழுந்துகொண்டார்கள். கடைசி வரிசைகளில் வழக்கம்போல் தனியாக உட்கார்ந்திருந்த காலனிக்காரர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. போதகர் விளக்கை அணைக்கச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டால்தான் திருவிருந்தில் அப்பம் கிடைக்கும் என்று அக்காவிடம் சொல்லியனுப்பினார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிடும்மா, பேஜாரு வேணாம்" என்று அப்பா கெஞ்சினார்.

"வேதத்துல இருக்கறதைத்தானேப்பா எழுதினேன்" என்றாள் அவள்.

மறு ஞாயிறு, முழங்காலிட்டிருந்த அக்காவைத் தாண்டிப் போதகரின் கை அம்மாவிடம் அப்பத்தை நீட்டியது. அம்மா வாங்கிக்கொண்டாள். அன்றோடு அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு எதையும் எழுதவும் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஆரணி போயிருந்தேன். மேடையில் பெரிய திரை வைத்து, பதிவுசெய்த பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். நாடகம் போடும் வழக்கமே இப்போது இல்லை. காலனிக்காரர்கள் தங்களுக்கென்று வேறு கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பின்வரிசைகள் காலியாகக் கிடந்தன.

திரும்பும் வழியில், வேலூரில் குடியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மறுபடியும் எழுதக் கூடாதா என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ற மாதிரிதான்டி அதை எழுதினேன்" என்றாள். "இப்ப ஜெபமும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, குக்கரை இறக்க எழுந்து போனாள்.