கராஜ் சுவரில் ஒரு நீல அம்பு

போன கிழமை எங்கள் கராஜுக்கு உடுப்புப் போட்டோம்.

உடுப்புத்தான். கத்தாரில் இருக்கும் மகன் புதுக் கார் எடுத்துத் தந்திருக்கிறான். கார் வந்தால் போதாதாம். அது நிற்கும் இடமும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டுமாம். உள்சுவர் முழுக்க ஷீட் அடித்து, லைட் பூட்டி... வட்ஸ்அப்பில் நாற்பது படங்கள் அனுப்பிவிட்டான். நாங்கள் கலியாணம் முடித்துக் குடியிருந்த அறைகூட அவ்வளவு வடிவில்லை!

வேலைக்கு வந்தவர் கனமூலை ஊரைச் சேர்ந்த ஹில்மி. பலகை போலத் தெரியும் ஷீட், சீமெந்து ஷீட், ஜிப்சம், பிவிசி என்று சாம்பிள் துண்டுகளைக் காரின் பொனட்டில் பரப்பினார். நான் ஜிப்சத்தை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

"அத வைங்க சேர். ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் களப்பு. ரெண்டு மழை பெஞ்சா பாண் மாதிரி ஊறிடும்."

சரிதானே? கல்பிட்டிப் பக்கம் ஆணி துருப்பிடிக்கும், சுவர் உப்புப் பூக்கும், பென்ஷனுக்குக் காத்திருக்கும் வாத்தியாரும் மெல்ல மெல்ல உதிர்வார். பிவிசி என்று முடிவானது. வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடு — என் மனைவி ஜெஸீமாவின் தெரிவு.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தம்பி, கிழக்குச் சுவர்ல அந்த நீல அம்பு இருக்கிற இடத்த மட்டும் விட்டு அடிங்க. கண்ணாடி போட்டு வைப்பம்" என்றேன்.

அந்த அம்பின் கதையை இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே ஒருதரம் எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

கராஜ் அந்தக் காலத்தில் என் வாப்பாவின் வலையும் இஞ்சினும் கிடந்த ஸ்டோர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வள்ளங்களில் வந்திறங்கியபோது, வாப்பா அதைக் காலி செய்து ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். பதினொரு பேர். குடும்பத் தலைவர் தன் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்ன மோதினார்.

வந்த அன்று மழை இருட்டு. சூரியனைக் காணவில்லை. யன்னலால் தண்ணீர் தெரிந்தது. அவர்கள் ஊரில் கடலைப் பார்த்து நின்றால் மேற்கு, தொழும்போது முகம் திருப்பும் கிப்லாவும் அந்தப் பக்கம். மோதினார் வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்டை எடுத்து, தண்ணீர் தெரிந்த பக்கச் சுவரில் ஓர் அம்பு கீறி, 'கிப்லா' என்று எழுதினார். கதவைச் சாத்திக்கொண்டு நாலு வக்துத் தொழுதார்கள்.

மறுநாள் காலை அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் எழும்பியது!

அது கடல் அல்ல, களப்பு. எங்களுக்குக் கடல் மேற்கே, களப்பு கிழக்கே. தேத்தண்ணிக் கேத்தலோடு போன நான் — அப்போது பதினாலு வயது — அம்பைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தேன்.

மோதினாரின் பத்து வயது மகள்தான் பின்னாளில் என் மனைவியான ஜெஸீமா. இதையும் சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் எடுபடும். வரும் விருந்தாளிகளையெல்லாம் அந்தச் சுவருக்கு முன் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். நான் தொடங்கினால் ஜெஸீமா தேத்தண்ணி போட எழும்பிவிடுவாள். நல்ல உபசரிப்பு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"முழுக்க மூடுங்க தம்பி" என்று என் பேச்சை மறித்து ஹில்மியிடம் சொன்னாள் ஜெஸீமா.

"ஏன்? உன்ட வாப்பாட கையெழுத்து. எவ்வளவு பெரிய ஞாபகம்!"

"உங்களுக்கு ஞாபகம்தான்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "இங்க வந்து ரெண்டு மாசத்துல பள்ளியால வாப்பாவப் பாங்கு செல்லக் கூப்பிட்டாங்க. அவரு போகல்ல. திசை தெரியாத மனிசன் ஆக்களத் தொழக் கூப்பிடப் படாதுண்டு செல்லிட்டாரு. மவுத்தாகும் வரைக்கும் பாங்கு செல்லல்ல. நீங்க அண்டைக்குச் சிரிச்சது அவருக்குக் கேட்டிச்சி."

"இத்தின வருஷம் ஏன் எனக்குச் செல்லல்ல?"

"நீங்க சிரிப்ப நிப்பாட்டினாத்தானே செல்லலாம்."

அந்த மனிதர் எனக்குப் பெண் தந்தவர். கடைசிவரை என்னை "மகன்" என்றுதான் கூப்பிட்டார். அவர் பாங்கை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஹில்மி பார்த்துக்கொண்டிருக்கவே மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சரி, பொனட்டுல கிடக்கிற துண்டெல்லாம் எடுங்க, கீறல் விழும்" என்றாள்.

பழைய ஞாபகம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, பக்கத்தில் இருப்பவர் மறக்கப் பாடுபடுவதாக இருக்குமோ? தெரியவில்லை. அம்பை மூடிய ஷீட்டை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். ஹில்மி ஸ்குரூ பூட்டினார்.

நேற்று மச்சான் வந்தார், என் தங்கையின் கணவர். கராஜிலேயே கதிரை போட்டு இருந்தோம், அவ்வளவு வடிவு! சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல ஒரு அம்பு இருந்திச்சே... அந்தக் கதய ஒருக்காச் செல்லுங்களே மச்சான்."

ஜெஸீமா என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.