மரத்துக்குப் பின்னால் விழுந்த கோல்

போன சனிக்கிழமை நம் நகரத்து ஃபுட்பால் டீமின் மேட்சை ரேடியோவில் கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நடுநடுவே ஏன் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம்?

அது என் கடைச் சத்தம். கண்டியில் டயர் என்றால் யார் கடை... நானே சொன்னால் பெருமை பேசுகிறான் என்பீர்கள். பேசினால் என்ன? ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மைதானத்தைப் பார்த்தபடி மூன்று மாடி கட்டியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழில் மேட்ச் வர்ணனை செய்கிற ரஞ்சனியின் குரல் உங்களுக்குத் தெரியும். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். முந்தின வாரம் நம் டீம் தோற்றபோது ரேடியோவில் சொல்லிவிட்டாள்: "சம்பளத்துக்கு ஆடுறவங்க ஓடணும். இன்னைக்கு நம்ம ஆளுங்க நடந்தாங்க."

பொய்யா? நானும் அங்கேதான் இருந்தேன். கம்பளையிலிருந்து ரயிலேறி வந்த சனமும் அதையேதான் சொன்னது — இன்னும் மோசமான வார்த்தையில்.

கிளப் செயலாளருக்குக் கோபம். ரேடியோவிலேயே மன்னிப்புக் கேட்கட்டும், இல்லாவிட்டால் மைதானத்துக்குள் விடமாட்டோம் என்றார். ரேடியோ மனேஜர் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். சனிக்கிழமை நேரடி வர்ணனை இல்லையென்றால் அந்த நேரத்துக்கு சினிமாப் பாட்டு, அதற்குப் பிறகு தமிழ் வர்ணனையே கிடையாது என்று கையை விரித்துவிட்டார். வேலை போகும் என்று தெரிந்தும் ரஞ்சனி மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுப்பவன் நான். அதனால் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"உங்க விளம்பரம் இந்த வாரம் போகாதுங்க முதலாளி."

மேலே ஏறி வரச் சொன்னேன். மொட்டை மாடியிலிருந்து மைதானம் முழுதும் தெரியும். ஒரு குறைதான். ஒரு பெரிய மரம், கீழ்ப்பக்கத்துக் கோல் கம்பத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

"அந்தப் பக்கம் கோல் விழுந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அதுக்கு என்ன வெட்கம்?"

அவள் என் மாடியிலிருந்து பேசப்போகிற செய்தி செயலாளர் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை போன் செய்தார். டீம் பஸ் என் கடை டயரில்தான் ஓடுகிறதாம், இனிமேல் வேறு கடை பார்க்க வேண்டி வருமாம்.

"பஸ்ஸாவது ஓடுதேங்க," என்றேன். போனை வைத்துவிட்டார்.

நம் ஊரில் உள்ளூர் டீமைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். யார் போட்டது? டிக்கெட் வாங்கி வெயிலில் உட்காருகிறவனுக்கு வாய் கிடையாதா?

சனிக்கிழமை வந்தது. ரஞ்சனி மைக்கைப் பிடித்ததும் எதையும் மறைக்கவில்லை. எங்களை உள்ளே விடவில்லை, டயர்க்கடை மாடியிலிருந்து பேசுகிறேன், கீழ்ப்பக்கத்துக் கோல் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்தது என் யோசனை. கண்டிக்காரர்கள் மைதானத்துக்குள் உட்கார்ந்தாலும் காதில் ரேடியோ வேண்டும். குடை இல்லாமல் வீட்டை விட்டு இறங்கவும் மாட்டார்கள். போதாதா? நான் சொல்லச் சொல்ல, அவள் மைக்கில் சொன்னாள்.

"மைதானத்துல இருந்து கேக்குறவங்க ஒரு உதவி செய்யுங்க. மரத்துப் பக்கம் நாம கோல் போட்டா குடைய விரிங்க. நமக்கு விழுந்தா தலையில கைய வைங்க."

செய்வார்களா? எனக்கே பயம்தான்.

பந்து மரத்துக்குப் பின்னால் போனது. ஒரே கூச்சல். கூச்சலை நம்பி என்ன சொல்வது? வந்த டீமுக்கும் ஆட்கள் இருக்கிறார்களே. ரஞ்சனி குடைகளைத் தேடினாள். அப்போது ஒரு கறுப்புக் குடை விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அந்த வரிசை முழுக்க... நல்ல வெயிலில், மழை கொட்டுகிற மாதிரி!

"கோல்!" என்று அவள் கத்தியதில் கீழே காற்றடித்துக்கொண்டிருந்தவன் குழாயைப் போட்டுவிட்டான்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, மரத்துப் பக்கம் நம் டீம் காக்கிற கோல். முடிகிற நேரத்தில் பந்து மறுபடியும் அங்கே போனது. குடைகள் அசையவில்லை. தலையில் கை வைக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் பவிலியன் பக்கம் பார்த்தேன். முதல் வரிசை, வெள்ளைச் சட்டை. இரண்டு கையும் தலையில்.

ரஞ்சனியும் பார்த்துவிட்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கோல் விழுந்துருச்சு. கிளப் செயலாளரே தலையில கை வச்சுட்டாரு."

மைதானமே திரும்பி அவரைப் பார்த்தது. கையை இறக்கினார். கொஞ்சம் லேட்.

மேட்ச் சமன். ஆனால் அன்று நம் ஆட்கள் ஓடினார்கள், கடைசி விசில் வரை. அவள் அதையும் சொன்னாள். பாராட்டையும் திட்டையும் ஒரே வாயால் சொல்ல ஆள் வேண்டாமா?

ரேடியோவுக்குப் போன் மேல் போன். தமிழ் வர்ணனை தொடரும் என்று மனேஜருக்கே தைரியம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை செயலாளர் கூப்பிட்டார். இனி உள்ளே வரலாமாம். "சும்மா ஒரு மரியாதைக்கு, சின்னதா ஒரு மன்னிப்பு மட்டும் கேட்கச் சொல்லுங்க முதலாளி."

டயர் இருக்கிறது, டியூப் இருக்கிறது, அந்தச் சாமான் எங்கள் கடையில் இல்லை என்றேன். ரஞ்சனியிடமும் விசாரித்தேன்... அவளிடமும் இல்லையாம்.