விளக்கு வைத்த பிறகு இரையும் ரேடியோ

அந்த வைகாசியில் எங்கள் வீட்டு ரேடியோவுக்குப் பகலில் ஒரு குணம், விளக்கு வைத்த பிறகு ஒரு குணம். பகலில் திருச்சி ஸ்டேஷன் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலக் கேட்கும். சாயங்காலம் கடல்காற்று ஏறி, தெருவில் விளக்கு வைத்ததும் எல்லா ஸ்டேஷனும் ஒன்றாகிவிடும். வாணலியில் மணல் வறுக்கிற சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு ஆள் பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசுகிறார் என்று மட்டும் தெரியாது.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்போம். அக்காவின் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது; அதுமுதல் அக்கா எங்கள் வீட்டில்தான். அந்த மாதம் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தார். அதற்குள் அங்கே கலவரம், ஊரடங்கு, கடைகளுக்குத் தீ வைத்தார்கள் என்று பேப்பரில் வந்தது. கடிதம் நின்றது. அப்பா கொடுத்த தந்திக்குப் பதில் இல்லை. கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் வீட்டில் அப்பா, அக்கா, நான் மூன்று பேர்தான். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சேதி கொண்டு வந்தவர் எங்கள் மாமன் மகன். சிதம்பரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. வாடிக்கைக்காரர் வீட்டில் செட்டை மாட்டிக் கொடுக்கப் போன இடத்தில் அவரே காதால் கேட்டாராம். மலாயாவிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பில், இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அங்கே இருப்பவர்கள் ஊருக்குச் சொல்லும் சேதியை வாசிக்கிறார்கள். ஊர், பெயர், இரண்டு மூன்று வரி. அவ்வளவுதான்.

ரேடியோ உள்ள வீடு எங்கள் தெருவிலேயே இன்னொன்று இருந்தது. அங்கே போய்க் கேட்க அக்கா ஒப்பவில்லை.

"அவுங்க மூஞ்சியப் பாத்துகினு கேக்க முடியாதுடி. எதா இருந்தாலும் நம்ப வீட்டுலயே கேக்கலாம்."

எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். வீட்டோடு இருக்கிறவளுக்குக் கவலைதான் வேலை. அடுப்பை அணைத்தோமா, கிணற்றுக்கு மூடி போட்டோமா என்று பத்துத் தரம் போய்ப் பார்ப்பேன். அப்பா வருவதற்குக் கொஞ்சம் நேரமானால் அவர் பஸ்ஸில் அடிபட்டதாகவே முடிவு செய்து, யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்றுகூட யோசித்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த மாதம் எதுவும் தோன்றவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால்போல இருந்தது மனசு. கிள்ளிப் பார்த்தால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது.

மாமன் மகன் கடைக்கு லீவு நாளில் பஸ் ஏறி வந்தார். உச்சி வெயில். ரேடியோவைத் திருப்பினார். திருச்சியில் யாரோ விவசாயிகளுக்குப் பூச்சிமருந்து பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க இரையிது? மணிமணியா பேசுறான்."

"இப்ப பேசும் மாமா. சாயங்காலம்தான் இரையும்" என்றேன்.

"சாயங்காலத்துல செட்டுக்குப் பேய் புடிக்குதா? வேப்பிலை அடிக்கறதுக்கு ரேடியோக்காரன் எதுக்கு?"

"இருந்து கேட்டுட்டுப் போயேன்டா" என்றாள் அக்கா.

"நல்லாருக்குதே கத. வெளக்கு வெச்சப்பறம் நான் இங்க இருந்தா மாமா சும்மா வுடுவாரா? உன் தங்கச்சியையும் கையோட கூட்டிகினு போன்னுடுவாரு."

"ஓ, தொரைக்கு அப்படி வேற ஒரு பயமா?"

அவருக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. பேசி வைத்த பெண் வீட்டில் முறைப்பையன் விளக்கு வைத்த பிறகு இருக்கக்கூடாது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவர் வந்ததெல்லாம் பகலில். ரேடியோ கெட்டதெல்லாம் சாயங்காலத்தில். நோய் இருக்கிற நேரத்தில் வைத்தியர் இருக்க முடியவில்லை.

இருந்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். வால்வுகளைப் பிடுங்கித் துடைத்துப் போட்டார். ஒன்றை மாற்றினார். மொட்டை மாடிக்கு ஏறி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டியிருந்த ஏரியல் கம்பியை இழுத்துப் பார்த்தார். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த முறுக்கைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினார். கிணற்றடியில் எர்த் கம்பி கட்டியிருந்த இரும்புக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் செய்துவிட்டு, "இனிமே அவன் மலாயாவுல தும்முனாக்கூட கேக்கும்" என்று சொல்லி பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் மணல் வறுத்தது.

அடுத்த லீவுக்கும் வந்தார். அப்போதும் பகல்தான், அப்போதும் நன்றாகவே பேசியது. இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. "அங்கிருந்து அனுப்புறதே அப்படித்தான் வருது போல" என்று அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கண்டுபிடித்தது என் கவலைப் புத்தி. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பீங்கான் வில்லை மேல் ஒரு சுவிட்ச் இருந்தது. கத்திபோல ஒரு பிடி. மேலே தள்ளினால் ஏரியல் ரேடியோவுக்குப் போகும். கீழே இறக்கினால் கிணற்றடி எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும், இடி மின்னல் சமயத்துக்கு. அது மேலேதான் இருக்கிறதா என்று நான் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒரு சாயங்காலம் உலையில் உப்புப் போட்டுவிட்டு, அதே கையோடு போய்த் தடவினேன். விரல் பிசுபிசுத்தது. உப்புக் கை என்று நினைத்து முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். அப்போதும் ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரம், கூடவே உப்பு.

பகலில் அதே இடம் மாவுபோலக் காய்ந்து கிடக்கும். கடல்காற்று ஏறினால் எங்கள் ஊரில் ஜாடி உப்பு தானாகக் கசியும். சுவரும் கசிந்திருந்தது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில், சட்டையில் ஒட்டாமல் இருக்க, கை கையாக உப்பை அள்ளிப் போடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வருகிறார் என்றுதான் சித்திரையில் வீட்டுக்கு வெள்ளையடித்தது. அடித்தவர் சுவிட்சைச் சுற்றி விட்டுவிட்டுத்தான் அடித்தார். அழுக்காய்த் தெரிகிறதே என்று, மிச்சச் சுண்ணாம்பைத் தொட்டு பீங்கான் மேலேயே இரண்டு பூச்சுப் பூசியது அக்கா. ஏரியல் திருகாணியிலிருந்து எர்த் திருகாணிக்கு வெள்ளையாக ஒரு பாதை. அது ஈரமானதும், கம்பியில் வந்ததெல்லாம் ரேடியோவுக்குப் போகாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் வாசித்த பெயர்களெல்லாம் எங்கள் கிணற்றடி மண்ணுக்குள் போயிருக்கின்றன.

"அக்கா, இதுல சுண்ணாம்பு."

வந்து பார்த்தாள். தொட்டாள். அரிவாள்மணையை எடுத்து வந்து கொடுத்தாள். நான் சுரண்டினேன். அவள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள். பீங்கான் பழையபடி மஞ்சளாகத் தெரிந்ததும், இரைந்துகொண்டிருந்த ரேடியோவில் திடீரென்று ஒரு பெண் குரல், இருமினால்கூடக் கேட்கும் போல. வாசிப்பு முடிந்து பாட்டு வைக்கப் போவதாகச் சொன்னது.

மறுநாள் முதல் எல்லாம் கேட்டது. நெல்லிக்குப்பம் என்றார்கள், பெயர் வேறு. காடாம்புலியூர் என்றார்கள், அதுவும் வேறு ஆள். அப்பா கூடத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முன்னே இரைச்சலுக்குள் அக்கா வீட்டுக்காரர் பெயர் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அப்படி நினைக்க வழியில்லை. வராதது வராததுதான்.

பிறகு ஒரு நாள் புவனகிரி என்றார்கள், அக்கா வீட்டுக்காரரின் ஊர். அவர் பெயர். அவர் அப்பா பெயர். "நலமாக இருக்கிறேன். இப்போது பயணம் இல்லை. அம்மா கவலைப்பட வேண்டாம்." அடுத்து வேறு ஊர்.

அப்பா "முருகா" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அழுவதற்கென்று நான் எத்தனையோ நாளாகத் தயாராக இருந்தேன். சிரிப்பதற்குத் தயாராக இல்லை. இரண்டும் வரவில்லை. அக்கா ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"சேதி அவுங்க அம்மாவுக்கு. அங்க ரேடியோ ஏது? நாமதான் கொண்டு போவணும்."

காலையில் இருவரும் புவனகிரிக்கு பஸ் ஏறினோம். மாமியார் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த மூன்று வரியையும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். அக்கா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவர் கேட்டார்:

"உன்ன பத்தி என்னா சொன்னான்?"

"சொல்லியிருப்பாரு அத்தை. அந்த நேரம் பாத்து ரேடியோ இரைஞ்சிடுச்சி."

"நல்ல ரேடியோ வாங்கிக் குடுத்தான் போ. பொண்டாட்டி பேர் வந்தா மட்டும் இரையிது."

அக்காவும் சிரித்தாள். நான் தரையில் சிதறிய உளுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டோம்.

வீடு வந்து சேர்ந்தபோது கடல்காற்று ஏறியிருந்தது. அக்கா கால் கழுவிவிட்டு நேராக ரேடியோவிடம் போனாள்.

"இன்னும் எதுக்குக்கா? அதான் வந்துடுச்சே."

"ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான்னு யாரு சொன்னா?"

பீங்கானை ஒரு துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். யார் யாருடைய ஊரோ, யார் யாருடைய அம்மாவோ ஒவ்வொன்றாக வந்து போனார்கள். சிலருக்கு மனைவி பெயரும் இருந்தது. வாசிப்பு முடிந்ததும் எழுந்து அரிசி களையப் போனாள். அந்த ஒலிபரப்பில் பெயர் வாசிப்பதை நிறுத்துகிற வரைக்கும் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.