சாரலுக்கு மறைத்து வைத்த ஜெனரேட்டர்

மழைக்குக் குடை பிடிப்போம், சாரலுக்குப் பிடிக்க மாட்டோம். அது எங்கள் ஊர்க் கௌரவம். ஆனி மாதம் மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்கினால் குத்துக்கல்வலசையில் எல்லா வீட்டிலும் மேற்கு ஜன்னல் திறந்திருக்கும். எங்கள் வீட்டிலும் திறந்திருந்தது. மகளின் வளைகாப்பு நாற்காலியை அந்த ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருந்தோம்.

காலையிலேயே எங்கோ மரக்கிளை விழுந்து கரண்ட் போய்விட்டது. மைக்செட் அண்ணாச்சி சக்கரம் வைத்த சின்ன ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுக்குக் கிழக்கே காலி மனையின் கோடியில் அதை நிறுத்தி, நீள வயர் இழுத்து ஓடவிட்டார். பிறகு டீ குடிக்கப் போனார்.

சாரல் வலுத்தது. மெஷின் நனைகிறதே, ஷாக் அடித்துவிடுமே என்று எனக்குப் பதற்றம். நானும் மச்சினனுமாக அதை உருட்டிவந்து மேற்கு ஜன்னலின் சன்ஷேடுக்கு அடியில் நிறுத்தினோம். வீட்டுக்கு வெளியேதானே நிற்கிறது என்று எனக்குத் திருப்தி. இத்தனைக்கும் நான் பள்ளியில் வேதியியல் வாத்தியார். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப்போடுகிறவன்.

உள்ளே பாட்டும் சிரிப்புமாக இருந்தது. சாம்பிராணிப் புகையில் பெட்ரோல் வாடை யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். மகள், "அப்பா, தல ரொம்ப வலிக்கு" என்றாள்.

"மாசமா இருக்கவளுக்கு வலிக்கத்தான் செய்யும்" என்றாள் மச்சினன் மனைவி.

என் அக்காவுக்கு அறுபது வயது. "அப்பம் எனக்கு ஏன்ட்டி வலிக்கு? நானும் மாசமா இருக்கனா?" என்றாள்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அண்ணாச்சி அப்போதுதான் திரும்பி வந்தார். "சார், மெஷின யாரு இங்கன கொண்டாந்தது?"

"நனையுதேன்னு நான்தான்."

அவர் நேரே போய் மெஷினை அணைத்தார். "எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. முதல்ல பிள்ளைய" என்றார். அந்தக் குரலில்தான் எனக்கு விளங்கியது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, புகை முழுக்க ஜன்னல் வழியே மகளின் மடிக்கே போயிருக்கிறது.

பட்டுச்சேலையோடு பத்துப் பதினைந்து பெண்கள் தெருவில் சாரலில் நின்றார்கள். மகளைக் காரில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். டாக்டரம்மா அவள் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்த நகர்த்த வெறும் இரைச்சல்தான் கேட்டது. எவ்வளவு நேரமோ, எனக்குத் தெரியாது. பிறகு டக்டக்கென்று கேட்டது. "நல்லாத்தான் ஓடுது, கேளுங்க" என்றார் டாக்டரம்மா. கேட்டேன். போதும் என்று அவரே சொல்லும்வரை கேட்டேன்.

சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் யாருமே போகவில்லை. தலைவலி விட்டுப்போன அக்கா ஈரச்சேலையோடு வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். கரண்டும் வரவில்லை. ஜெனரேட்டர் பழையபடி மனையின் கோடியில் ஓடியது. நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டு, பக்கமெல்லாம் திறந்துவிட்டு, புகைக்குழலை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் அண்ணாச்சி.

"மெஷினுக்குக் குடை பிடிக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க சார்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை விஷயம் தெரிந்து நானும் சிரித்தேன்.

மறுபடி வளையல் அடுக்கினார்கள். அக்கா தொண்டை கட்டும்வரை பாடினாள். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் பரிமாறினார்கள். நான் மகளுக்கு எதிரில் இலை போட்டு உட்கார்ந்து, "தல வலிக்காம்மா?" என்றேன்.

"ஏழாவது தடவ கேக்குதீங்கப்பா. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இலையை மடக்குவதற்குள் எட்டாவது தடவையும் கேட்டுவிட்டேன்.