பல்வரிசையில் வெள்ளோட்டம்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து ஓரிடத்தில் உட்காராமல் ஏதோ முனகிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்ததால் வண்டு. வேலைக்குப் போன சலவைக்கூடத்திலும் வண்டு, மலையில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்திலும் வண்டுதான்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அந்தச் சலவைக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வெள்ளைத் துணி வரும். ஈரமான படுக்கைவிரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் ஊட்டுவது அவள் வேலை. கொஞ்சம் கோணினாலும் மறுபக்கம் நின்று மடிக்கிறவள் கத்துவாள். வண்டு ஊட்டிய விரிப்புக்கு அந்தக் கத்தல் வந்ததே இல்லை. வாரமெல்லாம் இப்படி நேர்கோடாக வேலை பார்த்தவள், விடுமுறை வந்தால் கோணல்மாணலான மலைப்பாதையில் சைக்கிளோடு பாய்ந்து இறங்குவாள்.

அவளுக்குச் சைக்கிள் பழக்கியவன் அண்ணன். கார், வேன் இருக்கைகளுக்கு உறை தைப்பவன். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனால் ஒரு தையல் விலகியிருந்தால் உறை முழுவதையும் பிரித்து மறுபடி தைக்காமல் அவனுக்கு உறக்கம் பிடிக்காது. சின்ன வயதில் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியபடி அவன் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: "கெட்டியாப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாதே." அவள் வளர்ந்து மலைக்குப் போன பிறகும் அவன் விடவில்லை. பாதையோரம் நின்றுகொண்டு, "விடாதே வண்டு, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்துவான். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு 'விடாதே அண்ணன்' என்று பெயரே விழுந்துவிட்டது. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். அவள் சேறும் சிரிப்புமாக இறங்கி வரும்போது, பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும், கேட்காமலே சொல்லுவான்: "என் தங்கச்சி."

மலையின் நடுவில் ஓரிடம் உண்டு. பாதை திடீரென்று செங்குத்தாக விழும். வழி நெடுகக் கூரான பாறைகள், மேல்வரிசைப் பற்களைப் போல. வலப்பக்கம் பள்ளம். ஓட்டுகிறவர்கள் அதைப் பல்வரிசை என்பார்கள். முக்கால்வாசிப் பேர் அங்கே இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள். வண்டு மட்டும் இறங்கியதே இல்லை.

பிறகு ஒருநாள் சலவைக்கூடத்தில் விரிப்பின் மடிப்பு ஒன்று அவள் இடது கையைச் சுற்றி இழுத்தது. உருளையை நிறுத்துவதற்குள் இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. உள்ளங்கை அடிக்கடி மரத்துப்போனது. கூடத்தில் அவளை உருளையிலிருந்து எடுத்து, மூட்டை பிரிக்கிற இடத்தில் போட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் அவள் செய்த முதல் காரியம் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனது. பல்வரிசையின் முதல் பாறையிலேயே இடது கை பிடியிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. டாக்டர், "சமதரையில ஓட்டுங்க, பூங்காவைச் சுத்தி ஓட்டுங்க, யார் வேண்டாங்கிறா?" என்றார். அம்மா, "அந்த மலையைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்" என்றாள். வண்டுவின் முனகல் நின்றுபோனது. வீட்டில் அந்தச் சத்தம் இல்லாததுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு எந்நேரமும் அவள் கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். சாப்பிடும்போதும் பிசைவாள், அம்மா பேசும்போதும் பிசைவாள். மடங்காத இரண்டு விரலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் பந்தைச் சுவரில் அடித்தாள்.

"அண்ணே, கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாள். "நல்ல வண்டி ஒண்ணு. முன்னாடியும் பின்னாடியும் குலுக்கலை வாங்கிக்கிற மாதிரி. பிரேக் பட்டுன்னு பிடிக்கிற மாதிரி. அதுலயும் பல்வரிசை இறங்க முடியலன்னா, இருக்கிற சைக்கிளை வித்துடறேன், ஹெல்மெட்டைக் குப்பையில போட்டுடறேன். அதுக்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

"நான் எங்கடி கேட்டேன்?"

"நீ கேக்கல. மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கியே, அதுதான்."

சைக்கிள் கடைக்காரர் ஒரு மாதிரியான மனிதர். விலை உயர்ந்த மலை சைக்கிளை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் விற்க மாட்டார். "செருப்பையே போட்டுப் பார்த்துத்தான் வாங்கறீங்க" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே தன் வேனில் இரண்டு வண்டிகளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார். ஒன்று பெரியது, கனமானது. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் முன் கவை கன்றுக்குட்டியின் கால்கள் மாதிரி நீண்டு நின்றது. பிரேக் தொட்டாலே நிற்கும். இன்னொன்று இலேசானது, அதில் எல்லாமே ஓர் அளவோடுதான் இருந்தது. வண்டு இலேசானதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அதிர்வுதாங்கியில காத்து அடிக்கணும்மா. உங்க எடை என்ன?"

"அண்ணே, காதைப் பொத்திக்கோ."

"ஏன், வீட்டுத் தராசை நான்தானே ரிப்பேர் பண்ணினேன்?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே காற்றடித்தார். அவளை ஏறி உட்காரச் சொல்லி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, கொஞ்சம் இறக்கினார். பின்சக்கரத்துக்கான இடது பிரேக் பிடியைத் திருகி அவள் ஆள்காட்டி விரலுக்கு எட்டுகிற மாதிரி கிட்டே கொண்டுவந்தார். ஹெல்மெட்டின் வாரை அவளால் மாட்ட முடியவில்லை. அண்ணன் மாட்டிவிட்டான். அவள் கண்ணை அவன் பார்க்கவில்லை. பார்த்தால் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

வேன் அவளை உச்சியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை கொண்டுபோய் விட்டது. அண்ணன் பல்வரிசைக்குக் கீழே நின்றான். அவள் வருகிற சத்தம் முதலில் கேட்டது. சத்தமா அது, இரும்பை அரைப்பது போல ஒரு கிறீச்சல். வளைவில் தெரிந்தாள். மெதுவாக, மிக மெதுவாக, பல்வரிசையின் வாயருகே வந்தாள். நின்றாள். இறங்கினாள். அந்தப் பெரிய வண்டியை ஒவ்வொரு பாறையாக உருட்டிக்கொண்டு நடந்தே வந்தாள்.

கீழே வந்தும் இடது கை பிடியை விட்டு வரவில்லை. அண்ணன் விரல் விரலாகப் பிரித்தெடுத்தான். கை வெளுத்து, கொக்கி போல அப்படியே நின்றது. பின்சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் வந்தது.

கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "மேலேருந்து பிடிச்சுக்கிட்டேவா வந்தீங்க?" என்றார்.

"பின்னே? விட்டா போய்ச் சேர்ந்துடுவேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி அண்ணன் முன்னால் தாடையை நீட்டினாள். அவன் வாரை அவிழ்த்தான். அதை வாங்கி, வேனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அதுதான் அவனைக் கலக்கியது.

"முடிஞ்சுது அண்ணே. வா, வீட்டுக்குப் போகலாம்."

"இன்னொண்ணு இருக்கேம்மா" என்றார் கடைக்காரர்.

"எதுல போனாலும் கை இதேதானே சார்?"

அண்ணனுக்கு நெஞ்சில் பாதி ஆறுதல்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா நிம்மதியாவாள், அவனும் இனி வளைவில் நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் வாயில் வேறு வந்தது. "அதையும் ஓட்டிப் பார்த்துட்டு வா. இல்லன்னா அந்த இன்னொண்ணுலயாவது முடிஞ்சிருக்குமோன்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவள் தாடையை மறுபடி நீட்டினாள்.

இந்த முறை இலேசான வண்டி. அவன் மேலே ஏறி, பல்வரிசையின் நடுவிலேயே பள்ளத்துப் பக்கமாக நின்றான். விழுந்தால் பிடிக்கலாம் என்று கணக்கு. சைக்கிளோடு விழுகிற ஆளை ஒற்றை ஆளாக எப்படிப் பிடிப்பது என்று அவன் யோசிக்கவில்லை.

மறுபடி அதே கிறீச்சல். அவள் வந்தாள். இம்முறை நிற்கவில்லை, முதல் பாறையில் இறங்கிவிட்டாள். ஆனால் பின்சக்கரம் உருளவே இல்லை. பிரேக்கை அந்தப் பிடி பிடித்திருந்தாள். பூட்டிய சக்கரம் பாறைமேல் வழுக்கி, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்பியது. அவள் முகம் தெரிந்தது. பயம்கூட இல்லை அதில், தோற்றுப்போனவர்களின் முகம். கை நழுவுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் ஆயுளில் முதல்முறையாக அந்த வார்த்தையைக் கத்தினான்.

"விட்டுடு! வண்டு, விட்டுடுடி!"

சைக்கிளை விடு, மலையை விடு, இந்தப் பாழாய்ப்போன ஆசையையே விட்டுத்தொலை, உயிரோடு இருந்தால் போதும் — அவன் சொன்னது அது.

அவள் பிரேக்கை விட்டாள்.

பூட்டியிருந்த சக்கரம் விடுபட்டதும் வண்டி அவளுக்குக் கீழே நிமிர்ந்தது. இரண்டாம் பாறை, மூன்றாம் பாறை. முன் கவை உள்ளே போவதும் வெளியே வருவதுமாகக் கற்களை விழுங்கிக்கொண்டே போனது. அண்ணனின் முகத்தருகே காற்று அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது பாறைகள் காலியாக இருந்தன. கீழே எங்கோ புதர் முறிகிற சத்தம் கேட்டது.

அவன் உருண்டு புரண்டு ஓடினான். ஒரு செருப்பு எங்கோ போயிற்று. "வண்டு! ஏ வண்டு!" என்று கூப்பிட்ட குரல் அவனுக்கே யாருடையதோ போலிருந்தது. பாதை சமதரைக்கு வருகிற இடத்தில், புதருக்குள் முன்சக்கரத்தைச் செருகிக்கொண்டு, அவள் சைக்கிளுக்கு இருபக்கமும் காலூன்றி நின்றிருந்தாள். இடது கையை முகத்துக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விரிந்திருந்தது. சிவந்திருந்தது. மரத்திருந்த கைக்கு ரத்தம் திரும்பியிருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றாள்.

"என்ன தெரிஞ்சுது?" அவனுக்கு மூச்சு வாங்கியது.

"நான் பிடிச்சுக்கிட்டே வர்றதாலதான் கை செத்துப்போகுதுன்னு. விட்டுடுன்னு கத்தினியே. விட்டேன். கைக்கு வேலையே இல்லாமப் போச்சு. வண்டி தானா இறங்கிச்சு."

"நான் எங்கடி பிரேக்கைச் சொன்னேன்? எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கித் தொலைன்னு கத்தினேன்!"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக வந்தது. "பேசத் தெரியாத அண்ணனைப் பெத்ததுக்கு அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றாள். அவன் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதோடு அவள் கை சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அந்த விரல்கள் இனி மடங்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கே அதே வண்டியோடு மூன்றாவது முறையாக மேலே போனாள். தேவைப்பட்ட இடத்தில் ஒரு தொடு தொட்டு, உடனே விட்டு, மறுபடி தொட்டு என்று இறங்கிப் பார்த்தாள். பாதிப் பல்வரிசை வரை சரியாக வந்தது. அப்புறம் பழைய பயம் கைக்குள் புகுந்து இறுகிக்கொள்ள, ஒரு பாறையில் சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து மண்ணைத் தட்டினாள். அண்ணன் வாயைத் திறந்தான்.

"நீ பேசாம இரு" என்றாள். "இனிமே எந்த அர்த்தத்துல கத்தறேன்னு முன்னாடியே சொல்லிட்டுக் கத்து."

மீதிப் பாறைகளைச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தே இறங்கினாள்.

அடிவாரத்தில் கடைக்காரர் பெரிய வண்டியைத் துடைத்து வைத்திருந்தார். அவள் எதை எடுப்பாள் என்று அவரால் ஊகிக்க முடியவில்லை. சேறும் ரத்தமுமாக வருகிறவளைப் பார்த்து, மரியாதைக்குக் கேட்டார்: "என்னம்மா, பிடிச்சுதா?"

"இல்ல சார். நடுவுல கொஞ்ச தூரம் பிடிக்கவே இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பரவாயில்லம்மா. மனசுக்குப் பிடிக்காததைத் தலையில கட்டறவன் இல்ல நான்" என்று சொல்லி, அவள் கொண்டுவந்த வண்டியை வேனில் ஏற்ற அதன் கம்பியில் கை வைத்தார்.

வண்டு வண்டியை விடவில்லை. மடங்காத இரண்டு விரலும் பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்களால் இலேசாகத் தொட்டபடி நின்றாள்.

"பிடிக்காம இறங்கினது இதுலதான் சார். அதனால இதையே எடுத்துக்கறேன்."

கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தான்.

"என் தங்கச்சி" என்றான்.